லைன் ஏன் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது? ஹெபரினா, சலைனா?

கேள்வி:

சிஸ்டர், என் மகனுக்கு ஒன்றரை வயது. போன மாதம் நிமோனியாவுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆன்டிபயாட்டிக். இடது புறங்கையில் போட்ட லைன் இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டது. அப்புறம் வலது கை, பிறகு கால், கடைசியில் மறுபடி இடது கை என்று குத்திக் குத்தி எடுத்துவிட்டார்கள். மருந்து போடும் முன்பும் பின்பும் சிரிஞ்சில் ஏதோ தள்ளுவார்கள், அதற்கே வீல் வீல் என்று அழுவான். அது வெறும் உப்புத் தண்ணீர்தான் என்றார் ஒரு சிஸ்டர். "பெரிய ஆஸ்பத்திரியில ஹெபரின் போடுவாங்க, அப்ப அடைக்காது" என்றார் பக்கத்துப் படுக்கை அம்மா. அது ரத்தத்தை இளக்கும் மருந்தாயிற்றே என்று என் மாமியார் பயப்படுகிறார். எது சரி? அடைப்பைத் தள்ளிவிட்டால் அது இதயத்துக்குப் போய்விடாதா? அடுத்த மாதம் அவனுக்கு ஹெர்னியா ஆபரேஷன். இந்த முறையாவது நான் என்ன கவனிக்க வேண்டும்? புறங்கையில் இன்னும் நூல் மாதிரி ஒரு தடிப்பு இருக்கிறது, அது போய்விடுமா?

ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியான பதில். உங்கள் பையனைப் போன்ற குழந்தைக்குக் கையிலோ காலிலோ போடும் சாதாரண லைனைத் திறந்து வைக்கச் சலைனே, அதாவது அந்த உப்புத் தண்ணீரே போதும். ஹெபரின் போடாததால்தான் அவனுக்கு இத்தனை முறை குத்த வேண்டியதாயிற்று என்று நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவளாக நான் தினமும் பார்ப்பது இதைத்தான்: உள்ளே போவது எந்தத் திரவம் என்பதைவிட, அதை யார், எப்படி, எப்போது செலுத்துகிறார்கள், நடுவில் அந்தக் கையை யாராவது பார்த்தார்களா என்பதில்தான் ஒரு லைனின் ஆயுள் இருக்கிறது.

லைன் என்று நாம் சொல்வது என்ன என்று பார்த்துவிடலாம். பல பெற்றோர் ஊசி உள்ளேயே இருப்பதாக நினைத்துக் குழந்தையின் கையை அசைக்கவே பயப்படுகிறார்கள். ஊசி உள்ளே இல்லை. வழிகாட்டத்தான் ஊசி, நரம்புக்குள் நுழைந்ததும் அதை உருவி எடுத்துவிடுவோம். தங்குவது மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் மட்டும், அதைத்தான் கனூலா என்கிறோம். அதன் தடிமனைச் சொல்லும் எண்தான் கேஜ்; எண் கூடினால் குழாய் மெலியும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிற மூடியுள்ள 24 கேஜ், கொஞ்சம் நல்ல நரம்பு கிடைத்தால் நீலம், அதாவது 22. குறைமாதக் குழந்தைக்கு ஊதா நிற 26. மஞ்சள் கனூலாவின் வெளிவிட்டமே சுமார் 0.7 மில்லிமீட்டர்தான், உள்துளை அதைவிடச் சிறியது. அந்தத் துளையை அடைக்க எவ்வளவு ரத்தம் வேண்டும்? ஒரு சொட்டில் சிறு பங்கு உள்ளே வந்து நின்றாலே போதும்.

அது எப்படி வருகிறது என்றால், உள்ளே தள்ளும் அழுத்தம் குறையும்போதெல்லாம் ரத்தம் குழாய்க்குள் எட்டிப் பார்க்கும். ட்ரிப் பாட்டில் தீர்ந்துபோய் யாரும் கவனிக்காத பத்து நிமிடம், குழந்தை மூச்சைப் பிடித்து அழும் நேரம், மருந்து போட்டு முடித்துச் சிரிஞ்சைக் கழற்றும் அந்த ஒரு நொடி, இந்த மூன்றும்தான் முக்கியமானவை. உள்ளே வந்த ரத்தம் அசையாமல் நின்றால் உறையும். அது அதன் இயல்பு.

ரத்தக்கட்டி இல்லாமலும் அடைக்கும். ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு குழாய்க்குள் சந்தித்தால் மாவு மாதிரிப் படிந்துவிடுவது உண்டு. நிமோனியாவுக்கு அதிகம் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் கால்சியம் உள்ள திரவத்தோடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் குளுக்கோஸ் திரவத்தில் படியும். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் தள்ளுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். முன்னால் தள்ளுவது வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், பின்னால் தள்ளுவது மருந்து முழுதும் உள்ளே போய்ச் சேரவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "லைன் அடைச்சிருச்சு" என்று வார்டில் சொல்லும் எல்லாமே அடைப்பு அல்ல. குழாய் மணிக்கட்டில் மடங்கியிருக்கலாம். பேண்டேஜை இறுக்கிச் சுற்றியிருக்கலாம். குழாயின் நுனி நரம்பின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம். குழந்தைகளுக்கு அடிக்கடி நடப்பது இது எதுவும் இல்லை. நுனி நரம்பை விட்டு வெளியே வந்து, மருந்து தோலுக்கு அடியில் சேர்ந்துவிடும். நாங்கள் "லைன் அவுட்" என்போம். அங்கே ஹெபரினும் உதவாது, சலைனும் உதவாது. உடனே நிறுத்தி எடுக்க வேண்டியதுதான். உங்கள் பையனுக்கு மாற்றிய லைன்களில் எத்தனை உண்மையிலேயே அடைத்தவை, எத்தனை இப்படி வெளியே வந்தவை என்று உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. கை வீங்கியிருந்ததா, ஈரம் கசிந்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்; அப்படி இருந்தால் அது அடைப்பு அல்ல.

இப்போது ஃப்ளஷ், அதாவது சிரிஞ்சால் சலைனைத் தள்ளி லைனைக் கழுவுவது. பார்க்கச் சாதாரண வேலை மாதிரித் தெரியும். ஒரு புது நர்ஸ் வார்டுக்கு வந்தால் நான் நிதானமாக நின்று கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

கை கழுவி, லைனின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 வினாடியாவது நன்றாகத் தேய்த்து, அது காயும் வரை விட வேண்டும். சிரிஞ்சில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு ஒரே மூச்சில் சர்ரென்று அழுத்தாமல், கொஞ்சம் தள்ளி, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளி என்று விட்டு விட்டுச் செலுத்த வேண்டும். வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது ஒரே இடத்தில் ஊற்றாமல் வீசி வீசித் தெளித்தால் மண் கிளம்பிப் போகும் அல்லவா, அது போல. விட்டு விட்டுத் தள்ளும்போது குழாய்க்குள் சுழல் உண்டாகி ஓரத்தில் ஒட்டியிருப்பதும் கழுவிப் போகிறது.

கடைசி அரை மில்லிதான் முக்கியம். பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருக்கும்போது மறுகையால் கிளாம்பை மூட வேண்டும், அல்லது மூன்றுவழி அடைப்பானைத் திருப்ப வேண்டும். சிரிஞ்சைக் காலி செய்து, கையை எடுத்து, அப்புறம் நிதானமாக மூடினால் அந்த இடைவெளியில் ரத்தம் பின்னால் வந்துவிடும். சிரிஞ்சை முழுதாகக் காலி செய்யவும் கூடாது. அடியில் முட்டும் ரப்பர் எம்பும்போது ஒரு துளி ரத்தத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். சலைன் போட்டும் லைன் அடைத்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எப்படி மூடினீர்கள் என்றுதான்.

அளவு பெரிதாக ஒன்றும் இல்லை. கனூலாவுக்குள் 0.1 மில்லிகூடக் கொள்ளாது. அதோடு சேர்ந்த இணைப்புக் குழாயையும் கணக்கில் எடுத்து, மொத்தக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்காவது போக வேண்டும் என்பது கணக்கு. பச்சிளங்குழந்தைக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி, உங்கள் பையன் வயதுக்கு இரண்டு மூன்று மில்லி. மருந்து ஓடாத லைனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் பையனுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மருந்து இருந்ததால் தனியாக ஃப்ளஷ் தேவைப்பட்டிருக்காது.

உப்புத் தண்ணீர் குழந்தைக்கு ஆகுமா, சளி பிடிக்காதா என்று பாட்டிமார் கேட்பார்கள். நார்மல் சலைன் என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. இரண்டு மில்லியில் போவது ஒரு சிட்டிகைகூட இல்லை. சளிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு மட்டும்தான் ஒரு நாளில் போகும் எல்லா ஃப்ளஷையும் கூட்டி எழுதிவைப்போம், அந்த உடம்புக்கு அதுவும் கணக்குதான்.

அவன் ஏன் அழுதான்? சில குழந்தைகள் சிரிஞ்சைக் கண்டாலே அழும், அது ஒன்று. வேகமாகத் தள்ளினாலும், குளிர்ந்த திரவம் போனாலும் சுருக்கென்று இருக்கும். ஆனால் மெதுவாகத் தள்ளியும் ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொண்டு அழுகிறான் என்றால் அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கக் கூடாது. நரம்பு புண்ணாகத் தொடங்கியிருக்கலாம், அல்லது நுனி வெளியே வந்திருக்கலாம். அந்த அழுகையை நான் ஒரு அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்வேன். கட்டைப் பிரித்துப் பார்ப்பேன்.

சரி, ஹெபரின். உங்கள் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1916-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துக்கொண்டிருந்த ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்விலிருந்து தொடங்கிய மருந்து இது. இன்று பெரும்பாலும் பன்றியின் குடல் சவ்விலிருந்து எடுக்கிறார்கள். இருந்த கட்டியைக் கரைக்காது. புதுக் கட்டி உருவாகாமல் தடுக்கும். லைனுக்குள் சிறிதளவு நிரப்பி வைத்தால் அடைக்காது என்ற எண்ணத்தில் பல ஆண்டுகள் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் வழக்கமாகப் போட்டார்கள். அப்புறம் சலைனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். 1991-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு தொகுப்பு ஆய்வுகளும், 1998-இல் வந்த இன்னொன்றும் ஒரே முடிவுக்கு வந்தன: கை நரம்பில் போடும் சாதாரண லைனுக்கு மில்லிக்கு 10 யூனிட் ஹெபரின் சலைனைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. அவற்றில் பெரும்பகுதி பெரியவர்களைப் பற்றியவை. குழந்தைகளில் முடிவு அவ்வளவு தெளிவாக வரவில்லை. சில ஆய்வுகளில் 24 கேஜ் சிறு கனூலாக்கள் ஹெபரினோடு கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றன; வேறு சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. அதனால்தான் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கமும் இன்னொன்றில் வேறு வழக்கமும் பார்க்கிறீர்கள். பக்கத்துப் படுக்கை அம்மா சொன்னது பொய் இல்லை, அப்படிப் போடும் இடங்கள் இருந்தன, இன்னும் இருக்கலாம்.

நான் ஏன் சலைன் பக்கம் நிற்கிறேன் என்றால், கிடைக்கக்கூடிய அந்தச் சிறு லாபத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஹெபரின் நம் ஊரில் லைன் கழுவும் அளவில் தயாராக வருவது அரிது. ஐந்து மில்லி குப்பியில் வரும். மில்லிக்கு 1,000 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 5,000 உள்ளதும் உண்டு. 1,000 குப்பியிலிருந்து 0.1 மில்லி எடுத்து 10 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 10 யூனிட் ஆகும். அதே கையும் அதே பழக்கமுமாக 5,000 குப்பியை எடுத்துவிட்டால் 50 யூனிட். நிறமும் ஒன்று, மணமும் ஒன்று, கலந்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பையனுக்கு அந்தத் தவறால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு கிலோ குறைமாதக் குழந்தைக்கு அந்த 50 யூனிட் கலவையை ஒரு நாளில் ஆறு முறை ஒவ்வொரு மில்லி கொடுத்தால் 300 யூனிட். ரத்தக்கட்டிக்குச் சிகிச்சையாகவே கொடுக்கும் நாள் அளவில் ஏறக்குறைய பாதி அது. லைனைக் கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ரத்தம் உறையாத நிலைக்குக் குழந்தையைக் கொண்டுபோய்விடுவோம்.

இது கற்பனையான பயம் இல்லை. 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஒரு ஆஸ்பத்திரியில் மில்லிக்கு 10 யூனிட் குப்பி இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வந்து சேர்ந்துவிட்டன. லைன் கழுவ அதை எடுத்தார்கள். ஆறு குறைமாதக் குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு அளவு போனது. மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் டென்னிஸ் குவைடின் பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகளுக்கு அதே தவறு நடந்தது, அவர்கள் பிழைத்தார்கள். இரண்டு இடத்திலும் குப்பிகள் பார்ப்பதற்கு ஒன்று போலவே நீல லேபிளோடு இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் கவனமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரவு வேலையில் களைத்த ஒரு நல்ல நர்ஸுக்கு இது நடக்கும். அதனால்தான் தேவையில்லாத இடத்தில் அந்தக் குப்பி வார்டு அலமாரியில் இருக்கவே வேண்டாம் என்கிறேன். இது போக, ஹெபரினால் அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, ரத்தக்கசிவுக்குப் பதில் கட்டிகள் உருவாகும் ஒரு சிக்கலும் உண்டு. மிகச் சிறிய அளவே அதற்குப் போதும்.

ஹெபரின் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன, அங்கே பயந்து மறுக்கக் கூடாது. தமனியில் போடும் லைன், பச்சிளங்குழந்தையின் தொப்புள் தமனியில் போடும் குழாய், குறைமாதக் குழந்தையின் கையிலிருந்து நெஞ்சு வரை போகும் நீளமான மெல்லிய குழாய், புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட் ஆகியவற்றுக்குப் பல மையங்களில் அளந்து கொடுக்கிறார்கள். அவை வேறு வகைக் குழாய்கள். அவற்றை மாற்றுவது கையில் இன்னொரு முறை குத்துவது போல எளிதல்ல. ஹெர்னியாவுக்கு இது எதுவும் வராது.

சலைன் என்றாலே பாதுகாப்பு என்றும் விட்டுவிட முடியாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளின் லைன்களைக் கழுவிய சலைனில், கெடாமல் இருக்க பென்சைல் ஆல்கஹால் என்ற பொருள் கலந்திருந்தது. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அது குறைமாதக் குழந்தைகளின் உடம்பில் சேர்ந்து, மூச்சுத் திணறி இறக்கும் நிலைக்குக் கொண்டுபோனது. 1982-இல் எச்சரிக்கை வந்த பிறகு பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த வகைச் சலைன் கூடாது என்று ஆனது. சில ஹெபரின் குப்பிகளிலும் இதே பொருள் உண்டு.

நம் வார்டுகளில் நான் அதிகம் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, பொதுப் பாட்டில். நூறு மில்லி சலைன் பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, நாள் முழுக்க எல்லாக் குழந்தைக்கும் அதிலிருந்தே உறிஞ்சிப் போடுவது. ஆள் குறைவு, பொருள் குறைவு, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டிலில் ஒரு முறை கிருமி ஏறிவிட்டால் அது வார்டில் உள்ள எல்லாக் குழந்தைகளின் ரத்தத்துக்கும் நேர்வழி. பத்து மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூலை ஒரு குழந்தைக்கு ஒரு முறைக்கு என்று உடைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுவதுதான் சரி. முன்பே நிரப்பிய ஃப்ளஷ் சிரிஞ்சுகளும் கிடைக்கின்றன, விலை கூடுதல். இரண்டாவது, அதே பத்து மில்லி ஆம்பியூலில் பொட்டாசியம் குளோரைடும் வருகிறது. நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயத்தை நிறுத்தக்கூடிய மருந்து அது. அது சலைன் இருக்கும் தட்டிலேயே இருக்கக் கூடாது, தனிப் பூட்டில் இருக்க வேண்டும். ஆம்பியூலை உடைக்கும் முன் லேபிளை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன்.

கட்டி இதயத்துக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சின்னக் குழாயின் நுனியில் உருவாகும் துணுக்கு மிகச் சிறியது. தள்ளப்பட்டால் நரம்பு வழியே இதயத்தின் வலது பக்கம் சென்று நுரையீரலில் தங்கும். ஆரோக்கியமான குழந்தையில் பொதுவாக அது தானே கரைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்று இப்போது கவலைப்பட வேண்டாம். ஆனாலும் தடை தெரிந்தால் அழுத்தித் தள்ளவே கூடாது என்பது எங்கள் விதி. கட்டியில் கிருமி இருக்கலாம், நரம்பு வெடிக்கலாம், குழாய் கிழியலாம். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் கூடும் என்பதால், இரண்டு மில்லி சிரிஞ்சை வைத்துப் பலமாக முயல்வது இன்னும் மோசம். இதயத்தில் துளையுள்ள, உதடு நீலமாகும் குழந்தைகளுக்கு இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அவர்களுக்குக் கட்டியோ காற்றுக் குமிழோ நுரையீரலைத் தாண்டி மூளைக்கே போய்விடும் வாய்ப்பு இருக்கிறது. அப்படிக் குழந்தை உள்ளவர்கள் லைன் போடும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதத்துக்கு வருவோம். ஹெர்னியா என்றால் லைன் பெரும்பாலும் ஒரு நாள் தேவைக்குத்தான். பல இடங்களில் மயக்க வாயு கொடுத்துத் தூங்கிய பிறகே குத்துவார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் முன்பே போடுவார்கள் என்றால், தோலை மரக்கச் செய்யும் களிம்பு தடவ முடியுமா என்று கேளுங்கள். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடிவைத்தால்தான் வேலை செய்யும்.

குழந்தை எந்தக் கை விரலைச் சப்புவான் என்று சொல்லுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, அம்மாக்களும் சொல்வதில்லை. சப்பும் கையில் போட்ட லைன் எச்சிலில் நனைந்து, பிளாஸ்டர் கழன்று, அன்று ராத்திரியே போய்விடும். நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக் காலில் போடுவதைக் கூடியவரை தவிர்க்கலாம். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்டால் அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள், ஆனால் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். கனூலா நுழையும் இடத்தின் மேல் பேண்டேஜைச் சுற்றிச் சுற்றி மூடிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "சிஸ்டர், அந்த இடம் மட்டும் தெரியற மாதிரி ஒட்டுங்க" என்று தாராளமாகக் கேட்கலாம். முகம் சுளிக்க மாட்டார்கள்.

சட்டை முன்பக்கம் பட்டன் உள்ளதாக எடுத்துப்போங்கள். போடும்போது லைன் உள்ள கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். தலை வழியாக மாட்டும் பனியனை இழுக்கும்போது எத்தனையோ நல்ல லைன்கள் போயிருக்கின்றன.

அப்புறம், பால் கொடுக்கும்போதும் தூங்கவைக்கும்போதும் அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள், உற்றுப் பாருங்கள், மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்களும் இதையேதான் செய்வோம், ட்ரிப் ஓடும்போது மணிக்கு ஒரு முறை. லைன் உள்ள கை வீங்கி, இறுகி, மற்றதைவிடச் சில்லென்று, தோல் வெளுத்து இருந்தால் திரவம் வெளியே கசிகிறது. சிவந்து, சூடாக, தொட்டால் அழுகிறான் என்றால் நரம்பு புண்ணாகிறது. இரண்டிலும் காத்திருக்கக் கூடாது. ட்ரிப்பின் உருளையைக் கீழே உருட்டி நிறுத்தத் தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். கால்சியம், வான்கோமைசின், ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் இவையெல்லாம் வெளியே கசிந்தால் தோலையே கருக்கிவிடக்கூடியவை. அரை மணி முன்னே பார்த்தால் வெறும் வீக்கத்தோடு போகும், தவறவிட்டால் தழும்பில் முடியும். உங்கள் கண் எங்களைவிட நெருக்கத்தில் இருக்கிறது, பார்த்ததைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பாட்டில் தீரப் போகும்போது குரல் கொடுங்கள். சும்மா லைன் திறந்திருக்கட்டும் என்று சொட்டு சொட்டாக ட்ரிப்பை ஓட்டிக்கொண்டே இருப்பதைவிட, ஃப்ளஷ் செய்து மூடிவிட்டுக் குழந்தையைத் தூக்கி நடக்கவிடுவது நல்லது; ஸ்டாண்டோடு கட்டிப்போட்ட குழந்தைதான் இழுத்துப் பிடுங்கும்.

தினமும் காலையில் டாக்டர் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லைன் இன்னும் வேணுமா டாக்டர்? வாய்வழி மருந்துக்கு மாத்தலாமா?" நன்றாகச் சாப்பிட்டு, காய்ச்சல் இறங்கிய குழந்தைக்குப் பல சமயம் மாற்றலாம். லைன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் "மூணு நாளாச்சு, மாத்திடலாம்" என்று எடுக்கத் தேவையில்லை. குழந்தைகளுக்கு நாள் கணக்கு பார்த்து மாற்ற வேண்டாம், காரணம் இருந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்றே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதலும் சொல்கிறது. இரண்டு மூன்று முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், இன்னொருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாகப் புறங்கைத் தடிப்பு. அந்த நரம்பு புண்ணாகி உள்ளே உறைந்ததின் மிச்சம் அது. பெரும்பாலும் சில வாரங்களில் மெல்ல இளகிவிடும், சில குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். வெதுவெதுப்பான துணியை நாளில் இரண்டு மூன்று முறை வைத்து எடுக்கலாம். உங்கள் கையில் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் போகும்போது தடிப்பு இன்னும் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் அந்த இடத்தைக் காட்டி, இந்த முறை வேறு நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.